கடல்பிணத்துக்கு இரண்டு கால்

இரும்பு மனிதனுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்று எழுதியது என் தப்புதான், ஐயா. திருவள்ளூரிலிருந்து ஒரு வாசகர் தபால் அட்டை போட்டுக் கேட்டிருந்தார்: உங்கள் எஃகன் மாதாமாதம் உப்புத் தண்ணீரில் இறங்குகிறாரே, துருப்பிடிக்காதா? எனக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் தலைக்கு நான் தடவுவது தேங்காய் எண்ணெய், அதையே பதிலாக எழுதிவிட்டேன். அடுத்த மாதம் பதினேழு பேர் சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு என்னைத் திட்டி எழுதினார்கள். எல்லோருக்கும் பதில் போட்டேன். எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாமல் என்னால் இருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுது என்று தாள் கொடுத்தீர்கள். எழுதுகிறவனிடம் தாளைக் கொடுத்து ஆரம்பத்திலிருந்து என்று சொன்னால் இப்படித்தான் ஆகும். எந்தச் செக்‌ஷனில் போடுவது என்று நீங்கள் ஏட்டையாவைக் கேட்டதும், அவர் மோவாயைச் சொறிந்ததும் என் காதில் விழுந்தது. உங்கள் சிரமம் புரிகிறது. நான் யாரையும் கைநீட்டி அடித்ததுகூடக் கிடையாது.

என் பெயர் வேதாசலம், வயது முப்பத்தொன்பது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருக்கிற குப்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் மட்டும் கட்டுமரம் முதல் அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பேன். நைனா மூன்று வருஷம் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். நாலாம் வருஷம், "உன் வாந்திய தின்னுட்டு மீனுக்கு வயிறு ரொம்பிடுது, வலைக்கு எப்டி வரும்? நீ கரையிலயே கெட" என்று விட்டுவிட்டார். ஊரில் எனக்கு வாந்தி வேதாசலம் என்று பெயர் வந்தது. என் கூட்டாளி சம்பந்தம் ஒருவன்தான் என்னை வெறும் வேதாசலம் என்று கூப்பிட்டான்.

ஆனால் பள்ளியிறுதி வரை படித்திருந்தேன். குப்பத்துக்கு வரும் தபாலெல்லாம் பழவேற்காடு கடைத்தெருவில் கௌஸ் மைதீன் பாயின் புத்தகக் கடையில் தங்கும். நான் படகில் போய் எடுத்துவந்து, வீடுவீடாகப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் பதிலையும் எழுதித் தருவேன். அது போக மீதி நேரத்தில் படம் வரைவேன். அந்த மீதி நேரம்தான் எஃகனைப் பெற்றது.

எஃகன் ஒரு ரோபோ. சென்னையிலிருந்து வந்த ஒரு சின்ன மாத இதழில் எண்பத்திரண்டில் படக்கதையாக ஆரம்பித்தேன். மீன் வைக்கும் ஐஸ் பெட்டிதான் அவன் உடம்பு, லாஞ்சு இன்ஜின்தான் தலை. எனக்குக் கை வரைய வராது, விரல்கள் எப்போதும் வாழைப்பழச் சீப்பாகத்தான் வரும். அதனால் அவனுக்குக் கைக்குப் பதில் இரண்டு கொறடு வைத்தேன். அவன் யாரோடு சண்டை போடுவது என்பதில்தான் கஷ்டம் வந்தது. வெளிநாட்டுப் புத்தகங்களில் ஜாம்பி என்று ஒன்று வருகிறது, அதைப் போடுங்கள் என்று ஆசிரியர் எழுதினார். கௌஸ் மைதீன் பாயிடம் கேட்டேன்.

"செத்துப்போனவன் ஏந்து நடப்பான்பா. கண்ணு தொறந்துருக்கும், புத்தி இருக்காது. வரையறதுக்கு ஆளு வோணும்னா கண்ணாடிய பாத்துக்க" என்றார்.

எனக்குப் பிடித்துவிட்டது. கடலில் போய் உடல் கரை சேராதவர்கள் ஏரி வழியாக நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். கடல்பிணங்கள் என்று பெயர் கொடுத்தேன். விறைப்பாக நடப்பதால் வரைவது சுலபம், ஓடுகிற மனுஷன் எனக்கு வரவே வராது. எஃகன் மாதாமாதம் இருபது பிணத்தைக் கொறட்டால் பிடித்துக் கடலில் வீசினான். மாதத்துக்குப் பத்து இருபது கடிதம் வரும். அதில் நாலு தேங்காய் எண்ணெய் பற்றி இருக்கும். நான் சந்தோஷமாக இருந்தேன்.

எண்பத்து நான்கு நவம்பர் புயலில் சம்பந்தம் போய்விட்டான். சின்னக் கட்டுமரத்தில் தனியாகப் போனவன், கட்டுமரமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எங்கள் வழக்கப்படி பதினாறாம் நாள் அவன் லுங்கியில் வைக்கோலைத் திணித்து ஆளாக்கிக் கருமாதி செய்தோம். அவன் பெண்சாதி தேவகிக்குத் தாலியை எடுத்து, கால் மெட்டியைக் கழற்றினார்கள். ஒரு காலில் மெட்டி இல்லை. எங்கே என்று பெண்கள் கேட்டதற்கு, ஏரிச் சேற்றில் விழுந்துவிட்டது என்றாள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிறகு குழம்பும். கருமாதி முடிந்தபிறகு ஒருவன் உயிரோடு வந்துவிட்டால், அவன் நேரே வீட்டுக்குள் நுழையக் கூடாது. நல்ல மாதத்தில், நல்ல நாள் பார்த்து, ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கவைத்துக் குழந்தைக்குச் செய்வதுபோல் குளிப்பாட்டி, பெயர் வைத்து, அப்புறம் அவன் பெண்சாதிக்கே மறுபடி தாலி கட்ட வேண்டும். எங்கள் ஊரில் அப்படி வந்தவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ. ஆனாலும் வழக்கத்தை யாரும் மறக்கவில்லை.

தை மாத இதழுக்கு ஒரு புதுக் கடல்பிணம் தேவைப்பட்டது. சம்பந்தத்தின் முகத்தை வைத்தேன். தேவகியிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். அவனைப் புகைப்படம் எடுத்ததே கிடையாது, அவன் முகம் ஒரு தாளிலாவது இருக்கட்டும் என்றாள். மற்றப் பிணங்களுக்கு எதுவும் நினைவில்லை, இவனுக்கு மட்டும் வீடு நினைவிருக்கிறது. எஃகன் கொறட்டை ஓங்குகிறான், வீச முடியவில்லை. அங்கே தொடரும் போட்டேன்.

முந்நூற்றுச் சொச்சம் கடிதம் வந்தது, ஐயா. சாக்கில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு ஏரியைத் தாண்டினேன். ஊரில் ஒருவரும் அன்று வாந்தி என்று சொல்லவில்லை. தேவகி புத்தகத்தை வாங்கிப் படத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்துக் காட்டினேன். "அடுத்த மாசமும் வருவாராண்ணா?" என்று கேட்டாள். வருவார் என்றேன்.

அந்தச் சாக்கில்தான் சம்பந்தத்தின் கடிதமும் இருந்தது.

ஒரிசாப் பக்கம் ஒரு துறைமுக ஊரின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. சரக்குக் கப்பல் ஒன்று அவனைத் தூக்கியிருக்கிறது. தூக்கும்போது கட்டுமரத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் வலது கால் நசுங்கிவிட்டது. ஒன்றரை மாதம் காய்ச்சல், அவன் பேசுவது அங்கே யாருக்கும் புரியவில்லை. பக்கத்து ஓட்டலில் தோசை சுடும் தானியேல் என்கிற தமிழர் தற்செயலாக வந்து, அவன் சொல்லச்சொல்ல எழுதியிருக்கிறார். தேவகிக்கு, வேதாசலம் மேற்பார்வை என்று முகவரி. "வேதாசலம் படிச்சிக் காட்டுவான். சகாதேவன அனுப்பி என்ன இட்டுக்கினு போகச் சொல்லு." சகாதேவன் அவன் தம்பி.

நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எழுதிவைக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்து தேவகி வீட்டுப் பக்கம் பத்தடி போனேன். அப்போதுதான் அடுத்த இதழின் நினைவு வந்தது. ஐந்து நாளில் பக்கங்களை அனுப்ப வேண்டும். சம்பந்தம் உயிரோடு இருக்கிறான் என்று ஊருக்குத் தெரிந்தால், உயிரோடு இருப்பவனைப் பிணமாகப் போட யார் விடுவார்கள்? தேவகியே விடமாட்டாள். ஆஸ்பத்திரியில் பத்திரமாகத்தானே இருக்கிறான், ஐந்து நாள் கழித்துச் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து வரைந்தேன்.

கடிதம் வந்தால் பதில் போட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? தேவகி எழுதுவதாகவே எழுதினேன். கருமாதி முடிந்துவிட்டது, உடனே வந்தால் வீட்டுக்குள் வர முடியாது, நல்ல மாதம் பார்க்கிறார்கள், அதுவரை அங்கேயே உடம்பைத் தேற்றிக்கொள் என்று. வழக்கம் அவனுக்கும் தெரியும், சந்தேகப்படவில்லை. தேவகி அவனை நேரில் நீ என்றுதான் கூப்பிடுவாள். நானும் நீ என்றே எழுதினேன். இந்த மாதிரி நுணுக்கங்களில் நான் கவனமாக இருப்பேன்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: கடலில் கிடந்தபோது என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், எல்லாம் விவரமாக எழுது.

எழுதினான். என்ன எழுத்து தெரியுமா? தாகத்தில் கட்டுமரத்தின் கயிற்றைச் சப்பியது, மூன்றாம் நாள், எப்போதோ செத்துப்போன அவன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னியது, கப்பலைப் பார்த்ததும் அதுவும் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டது. நான் முப்பத்தொன்பது வருஷம் கடல் ஓரத்தில் இருந்து ஒரு வரி இப்படி எழுதியதில்லை. படிக்காத ஒருவன், தோசைக் கடைக்காரரிடம் சொல்லி எழுதுகிறான். பொறாமையாக இருந்தது. அத்தனையையும் கடல்பிணத்தின் வாயில் போட்டேன். இவ்வளவு உண்மையாக எப்படி எழுதுகிறீர்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அனுபவம் என்று பதில் போட்டேன். முதல் அலையிலேயே வாந்தி எடுக்கிறவன் அப்படி எழுதினேன்.

ஐந்து நாள் ஒரு மாதமாகிவிட்டது. நான் கடிதத்தை மறைத்தேன் என்று சகாதேவன் சொல்கிறான். மறைக்கவில்லை, தள்ளிப்போட்டேன். கதை நாலு மாதத்தில் முடிகிறது. முடிந்த மறுநாள் தேவகியிடம் சொல்லி, நானே ரயில் ஏறிப் போய் அவனைக் கூட்டிவருவது என்று முடிவு செய்திருந்தேன். அதைக் கடைசிப் பக்கத்தில் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

தேவகிமேல் ஆசைப்பட்டுத்தான் செய்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இருந்திருந்தால் உங்களுக்கும் எழுதச் சுலபம், எனக்கும் கொஞ்சம் கௌரவம். அவள் மாதாமாதம் வந்து உட்கார்ந்து, கண்ணைக் கொட்டாமல் நான் படிப்பதைக் கேட்டாள். எனக்கு அந்தக் காதுகள் போதுமாக இருந்தன. அவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், வரைகிறவன், எனக்குச் சரியாக நினைவில்லை.

மாசி பிறந்ததும் இன்னொரு கடிதம் வந்தது. இது சின்னது. காலில் சீழ் மேலே ஏறுகிறது, முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். "கால் இல்லாம கட்டுமரம் ஏற முடியாது. ஒரு காலோட வந்தா உனக்குப் பாரமாத்தான் கெடப்பேன். நீ இன்னா சொல்றியோ அதுதான். நீ வெட்டிக்கச் சொன்னா வெட்டிக்கறேன்." அந்தக் கடிதத்தில்தான் மெட்டி விஷயமும் இருந்தது. தேவகியின் மெட்டி ஒன்றில் பற்று விட்டுப்போயிருந்ததால், பொன்னேரியில் பற்றவைத்துத் தருவதாக வாங்கி அரைஞாணில் முடிந்துகொண்டிருக்கிறான். கடலில் எல்லாம் போயும் அது மட்டும் போகவில்லை. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறேன் என்று எழுதியிருந்தான்.

அன்றைக்கே பதில் போட்டேன். என்ன எழுதினேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். கதை எழுதுகிறவன் புத்தி, மன்னிக்க வேண்டும்.

மெட்டியைக் கதையில் சேர்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. அந்த மாதம் முழுப்பக்கப் படம்: கடல்பிணம் ஏரிக்கரையில் நின்று, அரைஞாணிலிருந்து ஒரு மெட்டியை அவிழ்க்கிறது. கை வரைய வராத நான் அந்த ஒரு கையை மட்டும் நாற்பது தடவை வரைந்தேன். பார்த்தால் மனுஷக் கைதான்.

இதழ் வந்த அன்று மத்தியானம், காயப்போட்ட வலைகளுக்கு நடுவே தேவகி வந்தாள். படித்துக் காட்டச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"இது இன்னாண்ணா?"

"மெட்டிம்மா."

"அவரு மெட்டிய முடிஞ்சிக்கினு போனது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். சேத்துல வுழுந்துச்சினுதான் எல்லார் கையிலயும் சொன்னேன். உனக்கு யாரு சொன்னா?"

கதைதானே, சும்மா தோன்றியது என்றேன். அவள் நகரவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். "அவரு எங்க கீறாரு?" என்று கேட்டாள். எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை, எங்கே என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து அவன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். கேட்டவுடனே கொடுத்தேன், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

சகாதேவனும் அவளும் அன்றே பஸ் ஏறினார்கள். கௌஸ் மைதீன் பாய் கடையை மூடிவிட்டு அவர்களோடு சென்ட்ரல் வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தார். என் கதை வந்த புத்தகங்களைக் கடையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார், அந்தக் கயிற்றை அறுத்து உள்ளே போட்டார். அந்த நாட்களில் நான் கடைசிப் பகுதிக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள். இரண்டு பேராகத்தான் வந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்கு நாலு நாள் முன்பே முடிந்துவிட்டது. விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம். தேவகி ஒற்றை மெட்டியையும் ஒரு கடிதக் கட்டையும் கொண்டுவந்தாள். அது அவள் எழுதியதாக நான் எழுதிய கட்டு, தானியேல் பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறார்.

கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. காலை வெயில். சகாதேவன் என்னை அடிக்க வந்தான், பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடிதத்தில் என்ன இருக்கிறதென்று பாய் படிக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். தேவகி வேண்டாம் என்றாள்.

"எழுதினவனே படிக்கட்டும். எனக்காகப் படிச்சிக் காட்டினவன்தான, இதையும் படிச்சிக் காட்டட்டும்."

கடைசிக் கடிதத்தை உருவி என் கையில் கொடுத்தாள். நான் உங்களிடம் தள்ளிப்போட்டதும் இதைத்தான். அந்தக் கடிதத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"காலை வெட்டிக்க வேணாம். ரெண்டு காலோட போன ஆளு நீ, ரெண்டு காலோட வரணும். ஏரித் தண்ணியில நின்னு நீ எனக்காக மறுபடி பொறக்கப்போற. பொறக்கும்போதே கொறையோட பொறக்கக் கூடாது. டாக்டரு ஆயிரம் சொல்வாரு, அவரா உன்கூட வாழப்போறாரு? நான் வர்ற வரைக்கும் பொறுத்துக்க. மெட்டிய கெட்டியா புடிச்சிக்க."

டாக்டர் மூன்று தடவை வந்து கெஞ்சினாராம். மூன்று தடவையும் சம்பந்தம் இந்தத் தாளை எடுத்துக் காட்டி, வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றானாம். தானியேல் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீங்கள் கேட்டீர்கள். கடைசிப் பகுதியில் கடல்பிணம் ஏரியை நடந்து கடந்து வீட்டுக்கு வருகிறது. அவன் கடிதம் வருவதற்கு முன்பே பதினொரு கட்டங்கள் வரைந்து முடித்திருந்தேன். பதினொன்றிலும் இரண்டு கால். சம்பந்தம் ஒற்றைக் காலோடு ஊருக்கு வந்து நின்றால், ஊரே படத்தையும் அவனையும் பார்த்துச் சிரிக்கும், மறுபடி வாந்தி வேதாசலம் ஆகிவிடுவேன். திரும்ப வரையலாம்தான். எனக்கு ஊன்றுகோல் வரைய வராது. வேறு காரணம் எதுவும் இல்லை, ஐயா. தேடிப் பார்த்துவிட்டேன். சம்பந்தத்தைக் கொன்றது நான்தான் என்று எந்தச் செக்‌ஷன் கிடைக்கிறதோ அதில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று கோயில் முன்னால் நான் அதைக் கடைசி வரி வரை படித்து முடித்தேன்.

"இத்த நான் சொன்னதா நெனச்சிக்கினே பூட்டாரா?" என்று தேவகி கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். புயல் முடிந்து கருமாதியில்கூட அப்படி அழுததில்லை. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். என் எழுத்தைக் கேட்டு ஒருவர் அழுவதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். இன்னொரு தடவை படிக்கட்டுமா என்று அவளைக் கேட்டேன்.